சீட்டில் இருப்பது ஒன்று, வாய்க்குள் போவது ஒன்று

வாசகர் கேள்வி – பதில்

மருந்துச்சீட்டு, ஊசி அளவு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஆஸ்பத்திரிப் படிவம் ஆகியவற்றைப் புரிந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு நமது ஆலோசனைக் குழுவின் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. இங்கே வரும் அளவுகள் கணக்குப் புரிவதற்காகச் சொன்னவை. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டு "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் நன்றாகத் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தால் காலை மாத்திரை இரவில், இரவு மாத்திரை காலையில். படிப்பு இல்லாததுதான் காரணமா? இதனால் நோயே முற்றிவிடுமா?
— ஆசிரியை, அருப்புக்கோட்டை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். ஆம், நோய் முற்ற வாய்ப்புண்டு. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொது மருத்துவமனைக்கு வந்த 408 சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதித்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவத் தகவல்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன், அதாவது சுகாதார எழுத்தறிவு, குறைவாக இருந்தவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாக இருந்தது. விழித்திரைப் பாதிப்பும் அதிகமாக இருந்தது. வயது, படிப்பு, இன்சுலின் போடுகிறார்களா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

ஆனால் பள்ளிப் படிப்பு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 2006-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் 395 பேரிடம் மருந்து லேபிள்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு லேபிளில் "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை" என்று இருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலும் நூற்றுக்கு 71 பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையை எடுத்து வையுங்கள்" என்றபோது நான்கு மாத்திரையைச் சரியாக எடுத்து வைத்தவர்கள் நூற்றுக்கு 35 பேர்தான். வாயால் சொல்லத் தெரிவது வேறு, கையால் செய்யத் தெரிவது வேறு. உங்கள் அம்மா தலையாட்டுவதிலும் தவறில்லை. "புரிஞ்சுதா?" என்று பெரிய மனிதர் ஒருவர் கேட்டால் "இல்லை" என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? கேள்வியே அப்படிப்பட்டது.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "அம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில எழுந்ததும் எதை எடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் தவறான மாத்திரையை எடுத்தால் திருத்துங்கள். திரும்பவும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாக வரும் வரை இதைச் செய்யலாம். ஒரே மூச்சில் ஏழெட்டு விஷயம் சொல்லாமல், ஒரு தடவைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். டாக்டர் அறையில் இதையே உங்கள் அம்மா செய்யலாம்: "டாக்டர், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க." அரை நிமிஷம்கூட ஆகாது.

வீட்டில் ஒரு அட்டை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். காலைக்கு உதிக்கும் சூரியன், மதியத்துக்கு உச்சி வெயில், இரவுக்கு நிலா. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வேளை மாத்திரையின் காலிப் பட்டையை ஒட்டி, எத்தனை மாத்திரையோ அத்தனை கோடு போடுங்கள். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று நிறத்தை மட்டும் அடையாளம் சொல்லிக் கொடுக்காதீர்கள். கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு அளவில் வரும். அரசு மருத்துவமனையில் வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பட்டை மாறும்போது அட்டையில் ஒட்டியதையும் மாற்றிவிடுங்கள். பட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த முனையைக் கடைசி மாத்திரை வரை விட்டுவையுங்கள். பலர் முதலில் அந்த முனையைத்தான் வெட்டுகிறார்கள். மிச்சம் இருப்பது என்ன மருந்து என்றே பிறகு தெரிவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்குத் தன்னார்வலர் வருகிறார் என்றால், மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். அவர் எதிரிலும் அம்மாவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இன்சுலின் பேனா. காலையில் 16 யூனிட். ஒரு நாள் பேனா வேலை செய்யவில்லை. பேனாவில் இருந்த மருந்தையே மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சில் எடுத்து, 16-ஆம் கோடு வரை இழுத்துப் போட்டோம். ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, மயங்கிவிட்டார். மருந்தும் அதே, அளவும் அதே. என்ன தவறு?
— வாசகர், பாபநாசம்

பதில்: மருந்து அதேதான். ஆனால் உள்ளே போன அளவு 16 இல்லை, 40. எப்படி என்று பார்ப்போம்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. 10 மி.லி. கண்ணாடிக் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் வருவது ஒரு மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் உடம்பிலேயே யு-40, யு-100 என்று அச்சடித்திருக்கும்.

நீங்கள் வாங்கியது சிவப்பு மூடியாக இருந்திருக்கும். அதில் 16-ஆம் கோடு என்பது 0.4 மி.லி. கார்ட்ரிட்ஜ் மருந்தில் 0.4 மி.லி. எடுத்தால் அதில் 40 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு. கோடுகள் யூனிட்டைக் காட்டுவதாக நாம் நினைக்கிறோம். அவை காட்டுவது மருந்தின் கனஅளவைத்தான். எந்த வீரியத்துக்காகக் கோடு போட்டார்களோ, அந்த வீரிய மருந்தை எடுத்தால்தான் அந்த எண் உண்மையாகும்.

இது தலைகீழாகவும் நடக்கும். குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 16 வரை இழுத்தால் உள்ளே போவது 6.4 யூனிட்தான். யாரும் மயங்கி விழுவதில்லை என்பதால் இந்தத் தவறு மாதக் கணக்கில் வெளியே தெரியாமல் ஓடும். சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்ச் கிடைத்ததும் அந்தக் கூடிய அளவு முழுவதும் உள்ளே போய், தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும்.

ஆகவே மருந்துக்கடையில் "இன்சுலின் ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்காதீர்கள். குப்பியையோ கார்ட்ரிட்ஜையோ கையில் எடுத்துப்போய்க் காட்டி, அதில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே பாருங்கள். இது மூடியின் நிறத்தை நம்புவதைவிடப் பாதுகாப்பு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் எடுப்பதே நல்ல பழக்கம் இல்லை. காற்று உள்ளே புகுந்து, பிறகு பேனாவில் போடும்போது அளவு குறையும். பேனா கெட்டுப்போனால் மருத்துவரைக் கேட்டு, மாற்றுப் பேனாவோ தனிக் குப்பியோ வாங்குங்கள். அளவை எழுதும்போதும் "16 யூனிட்" என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். யூனிட்டுக்குப் பதில் ஆங்கில எழுத்தை ஒட்டிப் போட்டால் அது பூஜ்யம்போலத் தெரிந்து 10 நூறாகிவிடும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். கருவி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 70-க்குக் கீழே இருந்தாலும், பார்க்க வழியில்லாவிட்டாலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சாதமோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

கலங்கலாக இருக்கும் இன்சுலின் என்றால் குலுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே பத்துப் பதினைந்து முறை உருட்டி, சீராகப் பால்போல ஆன பிறகு எடுங்கள். அடியில் படிந்ததை அப்படியே விட்டு மேலே தெளிந்ததை எடுத்தால் ஒரு நாள் குறைவாகவும் இன்னொரு நாள் கூடுதலாகவும் போகும். ஃப்ரீசரில் உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் குப்பியை நனையாதபடி ஒரு டப்பாவில் மூடி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை, 10 கிலோ. காய்ச்சலுக்குச் சென்ற முறை டாக்டர் 6 மி.லி. சிரப் எழுதினார். அந்தப் பாட்டில் தீர்ந்து, வேறு ஊரில் வேறு பாட்டில் வாங்கினோம். அதே 6 மி.லி. கொடுக்கலாமா?
— இளம் தாய், திருப்பூர்

பதில்: பாட்டிலைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் நம் கடைகளில் குறைந்தது மூன்று வீரியத்தில் இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. வீரியம் கூடியதில் 5 மி.லி.க்கு 240 அல்லது 250 மி.கி.

குழந்தைக்கு ஒரு வேளைக்குப் பொதுவாகக் கணக்கிடுவது கிலோவுக்கு 15 மி.கி. வரை. 10 கிலோவுக்கு 150 மி.கி. இது 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி., சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. உங்கள் டாக்டர் எழுதிய 6 மி.லி. முதல் பாட்டிலுக்கான கணக்கு. அதே 6 மி.லி.யை 250 சிரப்பில் கொடுத்தால் இரு மடங்கு. சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். முதல் நாள் எதுவும் வெளியே தெரியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. அடுத்த முறை டாக்டரிடம் "எத்தனை மி.லி.?" என்பதோடு "எத்தனை மி.கி.?" என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். மி.கி. தெரிந்தால் எந்த ஊரில் எந்தப் பாட்டில் வாங்கினாலும் மருந்தாளுநர் மி.லி. கணக்கைச் சொல்லிவிடுவார்.

வேளைக்கு வேளை குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அளக்க வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஒன்று 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 மி.லி. பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இழுத்து, கன்னத்தின் உட்புறம் மெதுவாக விடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சளிக்கு என்று பெரிய பிள்ளைக்கு வாங்கிய மருந்தையும் சின்னதற்குக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று லேபிளிலேயே போடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது.

பவுடராக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பிலும் நிறையத் தவறு நடக்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிரியாக்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் பார்த்தால் மட்டம் கீழே இறங்கியிருக்கும். இப்போது கோடு வரை நிரப்பித் திரும்பக் குலுக்குங்கள். நுரையோடு சேர்த்துக் கோட்டைப் பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். கலக்கிய பிறகு எத்தனை நாள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பது லேபிளில் இருக்கும். பலவற்றுக்கு 7 நாள்தான். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: மருந்துச்சீட்டில் 1-0-1 என்பது தெரியும். மற்ற குறிகள்?
— வாசகர், ஆம்பூர்

பதில்: 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அதைத் தினமும் சாப்பிட வேண்டிய மருந்து என்று எண்ணி வலி நிவாரணி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் "என்ன தொந்தரவு வந்தால்? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிறுக்கலைப் படிக்க முடியவில்லை என்றால் திரும்பிப் போய்க் கேட்பதில் கூச்சமே வேண்டாம். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்துவிட்டது.

கேள்வி: மூட்டு வாதத்துக்குத் தந்த மாத்திரையை என் மாமியார் தினமும் ஒன்று சாப்பிட்டிருக்கிறார். பத்தாவது நாள் வாயெல்லாம் புண். வாரம் ஒன்றுதானாம். ஒரு சிறிய மாத்திரை இவ்வளவு செய்யுமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: செய்யும். நீங்கள் சொல்வது மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை சாப்பிட்டால் மூட்டைக் காப்பாற்றும். அதையே தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்கள் உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும். வாய்ப்புண் அதன் முதல் எச்சரிக்கை. காய்ச்சலோ ரத்தக் கசிவோ வந்தால் உயிருக்கே ஆபத்து. அவரை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன் கிளம்புங்கள். பட்டையையும் எடுத்துப் போங்கள். ரத்த அணுக்களும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பரிசோதிக்க வேண்டும், முறிமருந்தும் இருக்கிறது.

தவறு நடக்கும் காரணம் எளிது. மற்ற எல்லா மாத்திரையும் தினமும். இது ஒன்று மட்டும் வாரம் ஒரு முறை. கூடவே போலிக் அமிலம் என்ற சின்ன மஞ்சள் மாத்திரையையும் தருவார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அதனால் "வாரம் ஒன்று" என்று மட்டும் எழுதினால் போதாது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைத் தமிழில் எழுதி வாங்குங்கள். இந்தப் பட்டையை மற்ற மாத்திரைகளோடு வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் கேப்சூல், எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் 70 மி.கி. ஆகியவையும் வாரம் ஒரு முறை மருந்துகளே. வைட்டமின்தானே, கூடச் சாப்பிட்டால் நல்லது என்று தினம் ஒரு கேப்சூல் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

கேள்வி: அப்பா நெஞ்சுவலிக்கு அட்மிட் ஆகி வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்பது மருந்து. வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்ட மருந்து ஐந்து. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா? ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை.
— வாசகர், விருத்தாசலம்

பதில்: சேர்த்துச் சாப்பிடவும் வேண்டாம், நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புது மருந்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். பழைய மருந்தை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

பட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். டோலோ, கால்பால், குரோசின் மூன்றின் பெட்டியிலும் சின்ன எழுத்தில் பாராசிட்டமால் என்றே இருக்கும். இப்படிப் பழைய பட்டைகளையும் புதிய பட்டைகளையும் சின்ன எழுத்தை வைத்து ஒப்பிடுங்கள். இதய நோயாளிகளுக்குத் தரும் ஒரே கேப்சூலில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் இருக்கும். வீட்டில் பழைய ஆஸ்பிரின் 75-ஐயும் தொடர்ந்தால் ஆஸ்பிரின் இரண்டு பங்காகி வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். பழைய சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு. புதியது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. இரண்டையும் போட்டால் தாழ்சர்க்கரை. பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் தனியாக ஒன்று, இன்னொரு பிரஷர் மருந்தான அம்லோடிபினோடு சேர்ந்து ஒன்று என்று இருந்தால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றும்.

ஒன்றாகத் தெரிகிறவற்றைக் குறித்துக்கொண்டு, எல்லாப் பட்டைகளையும், ஆயுர்வேத லேகியம், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோய்க் கொட்டுங்கள். "இதில் எது தொடரணும், எது நிறுத்தணும், எது அளவு மாறுது?" என்று கேட்டு மூன்று கூறாகப் பிரித்து வாங்குங்கள். நிறுத்தச் சொன்னதை வீட்டில் வைக்காதீர்கள். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தால் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் "வலிதான் இல்லையே" என்று ஒருநாளும் நீங்களாக விடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரும். பல் பிடுங்கப் போனாலும் இதயநோய் மருத்துவரைக் கேட்ட பிறகே நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: முழு உடல் பரிசோதனை செய்தேன். நாற்பது சொச்சம் எண்ணில் மூன்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. இணையத்தில் தேடினால் புற்றுநோய் வரை காட்டுகிறது. தூக்கமே போய்விட்டது.
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: ரிப்போர்ட்டில் வலது பக்கம் இருக்கும் "இயல்பு எல்லை" பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போட்ட எல்லை. அதாவது நல்ல உடம்புள்ள நூறு பேரைச் சோதித்தால் ஐந்து பேர் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒன்றிலாவது நட்சத்திரம் விழ நூற்றுக்கு 64 வாய்ப்பு. நீங்கள் நாற்பது செய்திருக்கிறீர்கள்.

நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சென்ற வருட எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லை 40, உங்களுக்கு 43 என்பதும், எல்லை 40, உங்களுக்கு 400 என்பதும் ஒரே குறியைத்தான் வாங்கும். பிறகு ரிப்போர்ட்டோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்.

சோதனைக்கு முன் செய்யும் தவறுகளும் எண்ணைக் கெடுக்கும். வெறும் வயிறு என்றால் 8 முதல் 10 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. வேறு விதமாகச் செய்யச் சொன்னால் தவிர மாற்றாதீர்கள். எண் நன்றாக வர வேண்டும் என்று இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்து போகிறவர்களை மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பிசகலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முடி வளரப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு எண் தவறாக வரும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். படிக்காமல் போடலாமா?
— வாசகர், பரமக்குடி

பதில்: போடாதீர்கள். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொன்ன பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரு பெண் பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் கேட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்கு ஆகாது, உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விலக்கு என்றது நீதிமன்றம்.

ஆகவே "தமிழ்ல படிவம் இருக்கா? இல்லைன்னா வாசிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். எந்த உறுப்பு, வலமா இடமா என்பதை நீங்களே வாயால் சொல்லி, படிவத்தில் உள்ளதோடு சரிபாருங்கள். நிரப்பாத இடம் விட்ட படிவத்தில் கையெழுத்து வேண்டாம். உள்நோயாளியாக இருந்தவர் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் குழந்தை துப்புகிறது. பாட்டிலில் வரும் பழச்சுவை பானம் கொடுக்கலாமா?
— வாசகி, முத்துப்பேட்டை

பதில்: உப்புக் கரித்ததால்தான் துப்பியது. பெரிய பாக்கெட், சுமார் 21 கிராம், முழுதாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சிறியது, 4 கிராம் சொச்சம், 200 மி.லி.க்கு. பெரியதை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு நான்கைந்து மடங்கு கூடி, போக்கு அதிகமாகும், ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புக்கூட வரும். பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்தும் கலக்காதீர்கள்; உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பிரியாது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து, முழு பாக்கெட்டையும் கொட்டி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் தொடருங்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கூடவே டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுங்கள்.

பழச்சுவை பானத்தில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு; குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்குத் தந்த கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கினேன். மூச்சிரைப்பு குறையவே இல்லையே?
— வாசகர், உடன்குடி

பதில்: அது விழுங்கும் கேப்சூல் இல்லை. ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு, உள்ளிருக்கும் பவுடரை மூச்சோடு இழுக்க வேண்டியது. வயிற்றுக்குள் போனால் நுரையீரலுக்கு அநேகமாக எதுவும் போய்ச் சேராது. கருவியைத் தனியாக வாங்க வேண்டும். கேப்சூலைத் துளையில் செருகி, கருவியைத் திருகினால் அது இரண்டாக உடையும். கருவிக்கு வெளியே முழு மூச்சையும் விட்டுவிட்டு, வாயில் இறுகப் பிடித்து வேகமாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்குங்கள். உள்ளே பவுடர் மிச்சம் தெரிந்தால் இன்னொரு முறை இழுங்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கருவியையும் கொண்டுபோய், அவர் எதிரில் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.